எழும்பிக் கொடுத்த கதிரை

எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு வேலை செய்த காலத்து அனுபவம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எனக்கு ஏலாது என்றுதான் சொன்னேன். போன மலரில் எழுதியவர்கள் எல்லாம் என்ஜினியர், எக்கவுண்டன், கந்தோரில் பெரிய பதவியில் இருந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கும். அதோடு என் வேலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? லண்டன் நடுவில் இருக்கும் ஒரு கலரியில், படங்களையும் சிலைகளையும் ஆட்கள் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

சங்கத்து வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பரிமாற வரும் சுகந்தி என்ற பிள்ளை அதே கலரியில் இப்போது வேலை செய்கிறாள் என்பது அண்மையில்தான் தெரிந்தது. நான் அங்கே இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேத்தண்ணியோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"ஆன்ரி, இப்ப மூண்டு அறைக்கு ஓராள்தான். மிச்சத்தைக் கமரா பாக்குது. உங்கட காலத்திலை அறைக்கு ஓராள் நிண்டதாமே. முழுநாளும் என்ன செய்தனீங்கள்?"

"பாத்துக்கொண்டு நிண்டன்."

"என்னத்தை, படத்தையோ?"

"இல்லைப் பிள்ளை. ஆக்களின்ரை கையை."

அவள் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எனக்குத் தேத்தண்ணி ஆறிப்போனது. கையைப் பார்க்கிற அந்தப் பழக்கத்தால் ஒருநாள் நடந்த விஷயம் ஞாபகத்துக்கு வந்து, பிறகு போகவேயில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்த கூட்டத்தில் நாங்களும் வந்தோம். என் கணவருக்கு டூட்டிங்கில் ஒரு பெற்றோல் செட்டில் வேலை கிடைத்தது. நான் விடியக்காலையில் கலரியில் நிலம் துடைக்கப் போனேன். பூட்டிய கட்டடம், ஆட்கள் இல்லை, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் காவலாட்களின் தலைவர் மிஸ்டர் கார்ட்டர் என்னைக் கூப்பிட்டு, அறைக் காவலுக்கு வருகிறாயா என்று கேட்டார். ஏன் என்னை என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொன்னார்: "நீ வாளியைச் சிலைக்குக் கிட்ட வைப்பதில்லை."

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீலக் கோட்டு தந்தார்கள், ரப்பர் அடி வைத்த சப்பாத்து தந்தார்கள், ஐவி என்ற ஜமெய்க்காக்காரியோடு ஒரு கிழமை நிற்கவிட்டார்கள். காலையில் வெளிச்சம் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் டோர்ச் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். டோர்ச்சை நேரே பிடிக்கக் கூடாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால்தான் கண்ணாடியில் இருக்கும் விரல் அடையாளமும் மேசை விளிம்பில் புதிதாய் விழுந்த கீறலும் தெரியும். நேற்று மாலை இருந்தது போலவே இருக்கிறதா என்று பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். மூலையில் நமக்கென்று ஒரு கதிரை இருக்கும். அறை வெறுமையாய் இருந்தால் மட்டும் அதில் இருக்கலாம். ஆள் வந்தால் எழும்ப வேண்டும்.

கையைப் பார்க்கச் சொல்லித் தந்தவரும் மிஸ்டர் கார்ட்டர்தான். முகத்தைப் பார்த்தால் மனிதர்கள் கூச்சப்படுவார்கள், முகம் பொய்யும் சொல்லும். தொடப்போகிறவருடைய கை அதற்கு முன்னாலேயே பையிலிருந்து வெளியே வந்துவிடும் என்றார். அது உண்மை. கொஞ்சக் காலத்தில் எனக்குக் கைகளை வைத்தே ஆட்களைத் தெரிந்தது.

ஆனால் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று சொல்வதுதான் எனக்குப் பெரும்பாடு. சொல்ல வாய் வராமல், தொடப்போகிறவருக்கும் படத்துக்கும் நடுவில் போய் நின்றுவிடுவேன். ஐவி அதைப் பார்த்துவிட்டு, "நாகேஸ், கள்ளன் வந்தாலும் நீ அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பிடிப்பாய்" என்பாள். எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை.

மிஸ்டர் கார்ட்டர் அப்படி இல்லை. நெடிய மனிதர். கைகள் இரண்டும் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிழை ஏதும் விட்டால் நம்மை நேரே பார்த்துக் கண்டிக்கமாட்டார். மெதுவாய் நம் பக்கத்தில் வந்து நின்று, எதிரே இருக்கும் படத்தைப் பார்த்து, படத்துக்குச் சொல்வது போலச் சொல்வார். "இன்று காலை ஒருவர் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்." சொல்லி முடித்து, நாம் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ளும் வரைக்கும் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மரியாதையை நான் வேறு யாரிடமும் காணவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முதல் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாதது.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பெயரைப் பிறகு சொல்கிறேன். என்னைவிட இரண்டு வயது இளையவள். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே ஒரு மண்டபம். எல்லா வகுப்பும் அதற்குள்ளேதான். வாத்தியார் பெயர் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மண்டபத்தின் மற்றக் கோடியில் இருந்து அவள் எழும்பி, "அக்கான்ரை பேர் நாகேஸ்வரி, சேர்" என்பாள். முழுப் பள்ளிக்கூடமும் சிரிக்கும். அவள் சிரிப்பவர்களைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு இருப்பாள். கடையிலும் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான். எனக்கு வேண்டியதை அவள்தான் கேட்பாள்.

வளர்ந்த பிறகு, சாதியைச் சொல்லி எங்கள் கிணற்றில் நாங்கள் தண்ணீர் அள்ள விடாத வீட்டுப் பெடியன் ஒருவனைக் கலியாணம் செய்தாள். சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். ஐயா அன்றைக்கே, "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளுடைய பெயரை யாரும் சொல்லவில்லை. எனக்குக் கலியாணம் பேசும்போது இதைச் சொல்லித்தான் பேசினார்கள். என் கணவர் நல்ல மனிதர், ஒரு நாளும் கை நீட்டியவர் இல்லை. ஆனால் ஒருமுறை சொன்னார்: "அந்தக் கதையை எங்கட ஆக்களுக்கு முன்னாலை எடுக்காதையப்பா." லண்டனில் எங்கட ஆட்கள் எங்கேதான் இல்லை? விம்பிள்டன் கோயிலுக்குப் போனால் பாதிப் பேர் எங்கள் ஊரைச் சுற்றி இருந்தவர்கள். சகோதரங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் சிரித்துச் சமாளிப்பேன். கூச்சக்காரி என்று விட்டுவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கடுத்த வருஷம், கொழும்பிலிருந்து ஒரு மச்சான் போன் எடுத்தார். காணி விஷயம் எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, வைக்கப் போகும்போது, "உங்கட அவவும் வன்னியிலை காய்ச்சல் வந்து மோசம் போட்டாவாம். ரண்டு மூண்டு மாசமாம்" என்றார். அவரும் பெயரைச் சொல்லவில்லை. அது அவருக்கும் பழகிப்போயிருந்தது. செத்தவீட்டுத் துடக்குக் காக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்திரட்டி செய்யவில்லை. இல்லாத தங்கச்சிக்கு எப்படிச் செய்வது? அடுத்த நாள் வழமை போல நொதேர்ன் லைன் ரெயினில் ஏறி வேலைக்குப் போனேன்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில்தான் டெல்லா வந்தாள்.

டெல்லா கனடாவின் வடமேற்கில் ஓர் ஆற்றங்கரை ஊர்க்காரி. வெள்ளைக்காரர் போவதற்கு முன்னமே அந்த நாட்டில் இருந்த சனங்களில் ஒருத்தி. ஐம்பது வயது இருக்கும். கட்டையான உருவம், நரைத்த ஒற்றைப் பின்னல், ஆண்கள் போடுகிற சப்பாத்து. படம் கீறுகிறவள் இல்லை. அவள் கொண்டுவந்தது கதிரைகள். தன் ஊர் வீடுகளில் சமைக்கிற குசினிகளில் இருந்து கேட்டு வாங்கிய பழைய கதிரைகள். அவளுடைய ஊரில் மாரிகாலத்தில் பொது மண்டபத்தில் கூடிக் கதை சொல்வார்களாம். மண்டபத்தில் கதிரை போதாது. அதனால் கதை கேட்கப் போகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதிரையைத் தாங்களே தூக்கிக்கொண்டு பனிக்குள்ளால் நடந்து போவார்களாம். அந்தக் கதிரைகளை அவள் எங்கள் கலரியில் வட்டமாக வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு போர்வை. அந்தந்த வீட்டார் தங்கள் தேய்ந்த உடுப்புகளை வெட்டித் தைத்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னக் கசெற் பெட்டி. குனிந்து காதைக் கொடுத்தால், அந்த வீட்டு ஆள் ஒருவர் தங்கள் பாஷையில் மெல்லிய குரலில் கதை சொல்வது கேட்கும்.

ஒரு கதிரைக்கு மட்டும் போர்வை இல்லை. கால் ஒன்றுக்குக் கம்பி சுற்றிய வெறுங்கதிரை. அதில் லண்டனில் யாரும் வந்து இருந்து, தங்களுக்கு வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்லலாம். எந்தப் பாஷையிலும் சொல்லலாம். டெல்லா பக்கத்தில் நிலத்தில் இருந்து கசெற்றில் பதிவு செய்வாள். மாலையில், கதை சொல்லும் நேரத்தில் மட்டும், வட்டத்தில் மற்றக் கதிரைகளில் போர்வையை விலக்கிவிட்டு ஆட்கள் இருக்கலாம். யாரும் குறுக்கே கதைக்கக் கூடாது. சொல்கிறவர் கதிரையை விட்டு எழும்பினால் கதை முடிந்தது. அப்போது டெல்லா, "யாருடைய பெயரைச் சொல்ல?" என்று கேட்பாள். சொல்கிறவர் பெயரைச் சொன்னதும், வட்டத்தில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரை ஒருமுறை சொல்வார்கள். அதுவும் பதிவாகும். ஓராளுக்கு ஒரு தரம்தான். கசெற் எல்லாம் அவளுடைய ஊர் மண்டபத்துக்குப் போகும். அங்கே மாரியில் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பார்கள்.

"விளங்காத பாஷையில் கேட்டு என்ன செய்வார்கள்?" என்று நான் ஒருநாள் கேட்டேன். நானாக ஒரு கேள்வி கேட்டேன் என்பதே எனக்கு ஆச்சரியம்.

"பெயர் விளங்கும்தானே" என்றாள். "மற்றதை எங்கள் கிழவர்கள் தாங்களே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது சில வேளை உண்மைக் கதையைவிட நன்றாக இருக்கும்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த அறை ஆறு கிழமை என் பொறுப்பில் இருந்தது. கஷ்டமான அறை. வெறுங்கதிரையைத் தொடலாம், அதில் இருக்கலாம். மற்றவற்றைப் பகலில் தொடக் கூடாது. இதை நான் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். போர்வைகளில் பூச்சி பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் டோர்ச் சாய்த்து மடிப்பு மடிப்பாய்ப் பார்ப்பேன். ஒருநாள் காலை, டெல்லா வந்திருந்ததைக் கவனிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ வட்டத்துக்கு உள்ளே போவதில்லை" என்றாள். "வெளியால் சுற்றிச் சுற்றியே பார்க்கிறாய். ஏன்?"

"ஆட்கள் இருக்கிறது போல இருக்கு" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில்.

அவள் கையை நீட்டி ஒரு போர்வையின் மடிப்பை நேராக்கினாள். பிறகு, "நீ யாரைப் பற்றிச் சொல்லப் போகிறாய்?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். வற்புறுத்தவில்லை, காலை வணக்கம் சொல்வது போலக் கேட்பாள்.

மெல்ல மெல்ல எனக்குள்ளே ஓர் ஆசை வந்தது. தமிழில் சொன்னால் இங்கே யாருக்கும் விளங்காது. பெயர் மட்டும்தான் விளங்கும். முன்பின் தெரியாத சனம் ஒரு முழு வட்டமாய் இருந்து என் தங்கச்சியின் பெயரைச் சொல்லும். பிறகு அது கடல் தாண்டிப் போய், பனிக்குள் கதிரை தூக்கிக்கொண்டு வருகிற ஆட்களுக்குக் கேட்கும். அவளுடைய பெயரை யாரும் சொல்லி எத்தனை காலம். அந்திரட்டிக்குப் பதிலாக இதையாவது செய்யலாம் என்று நினைத்தேன். ரெயினில் போகும்போதும் வரும்போதும் உதட்டை அசைக்காமல் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

காவலாட்கள் வேலை நேரத்தில் காட்சிக்கு வைத்த கதிரையில் இருப்பது பெரிய குற்றம். மிஸ்டர் கார்ட்டரிடம் எப்படிக் கேட்பது? அவர் அறைக்கு வந்தபோது பக்கத்தில் போய் நின்று, அவர் செய்வது போலவே நானும் ஒரு போர்வையைப் பார்த்துக்கொண்டு, "கடைசி நாள், நான் அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருக்க விருப்பம்" என்றேன்.

அவரும் போர்வையைத்தான் பார்த்தார். "அறையைக் காவல் இல்லாமல் விட முடியாது" என்றார். என் மனம் விழுந்துபோனது. கொஞ்சம் பொறுத்து, "அன்று மாலை உன் இடத்தில் நான் நிற்கிறேன்" என்றார். தலைமைக் காவலாள் ஒருவர் அறைக்குள் சாதாரணமாய்க் காவல் நின்றதை நான் அதற்கு முன்னாலும் காணவில்லை, பின்னாலும் காணவில்லை.

கடைசி நாள் நல்ல மழை. மாலையில் மிஸ்டர் கார்ட்டர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் மூலையில் நின்றார். வட்டத்தில் ஐவி வந்து இருந்தாள். மாணவர்கள் போல ஒரு சோடி, ஒரு வயதான வெள்ளைக்காரர், இன்னும் இரண்டு மூன்று பேர். நான் நீலக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெறுங்கதிரையில் இருந்தேன். ஐவி அன்றைக்குப் பகிடி விடவில்லை. டெல்லா பதிகிற பொத்தானை அமர்த்தினாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி" என்று தொடங்கினேன். குரல் நடுங்கவில்லை. "என்னைவிட ரண்டு வயது குறைய. பள்ளிக்கூடத்திலை வாத்தியார் பேர் கேட்டா எனக்கு வாய் வராது. அவள்தான் அங்காலை இருந்து எழும்பி..."

பழக்க தோஷம், சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் வாசலுக்குப் போனது. இரண்டு கைகள் தெரிந்தன. ஒன்றில் ஈரம் சொட்டுகிற கடைப் பை. இரண்டிலும் தடித்த தங்கக் காப்பு. கோட்டுக்குக் கீழே நனைந்த பச்சைச் சேலைக் கரை. முகத்தைப் பார்க்க முன்னமே ஆளைத் தெரிந்துவிட்டது. டொக்ரரின் மனைவி, சரோ அக்கா. கோயிலில் எல்லாக் காரியத்திலும் முன்னுக்கு நிற்கிறவ. எங்கள் அயலூர்.

"எட, இது எங்கட நாகேஸ் எல்லோ" என்று சிரித்துக்கொண்டு நேரே வட்டத்துக்குள் வந்தா. "மழைக்கு ஒதுங்கினனான் பிள்ளை. உள்ளுக்கை ரொய்லெற் இருக்கெண்டு சொல்லிச்சினம். இதென்ன, கதிரைக் கடையே?"

நான் எழும்பிவிட்டேன்.

யோசித்து எழும்பவில்லை. வயதில் மூத்தவ, ஊரில் மதிப்பான குடும்பம், நின்றுகொண்டிருக்கிறா, நான் இருக்கிறேன். கால் தானாக எழும்பியது. உங்களில் யார் என்றாலும் எழும்பியிருப்பீர்கள். அதோடு நிற்கவில்லை. வாயும் தானாகச் சொன்னது: "இருங்கோ அக்கா."

"அப்பாடா. கால் உளையுது" என்று சரோ அக்கா வெறுங்கதிரையில் இருந்தா.

டெல்லாவின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்கு மேலே நின்றது. அமர்த்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மிஸ்டர் கார்ட்டர் ஓர் அடி முன்னால் வைத்துவிட்டு நின்றுவிட்டார். வந்தவ என் சொந்தக்காரி என்று நினைத்திருப்பார்.

சரோ அக்கா கதைத்தா. மழையைப் பற்றி, அப்டன் பார்க்கில் சேலை வாங்கப் போய் பஸ் மாறி ஏறியதைப் பற்றி, முழங்கால் நோவுக்கு மகன் வாங்கித் தந்த எண்ணெயைப் பற்றி, கோயிலில் யாரோ மோதகத்துக்கு உப்புப் போட்டதைப் பற்றி. மூச்சு விடாமல் கதைத்தா. வட்டத்தில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் விளங்காமல், மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயதான வெள்ளைக்காரர் கண்ணைக்கூடத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்று, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றேன்.

கடைசியில், "சரி, வாறன் பிள்ளை" என்று அவ எழும்பினா.

டெல்லா என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "யாருடைய பெயரைச் சொல்ல?"

சரோ அக்காவுக்கு அவ்வளவு இங்கிலிஷ் தெரியும். "என்ரை பேரோ? சரோஜினி" என்றா.

எல்லோரும் சேர்ந்து, மெதுவாக, "சரோஜினி" என்றார்கள்.

"நல்ல மரியாதை தெரிஞ்ச ஆக்கள்" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனா.

எல்லோரும் போன பிறகு டெல்லா கசெற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

"எழும்பிவிட்டாய்" என்றாள்.

"அவ எனக்கு மூத்தவ."

"எங்கள் ஊரிலும் எழும்பத்தான் வேண்டும்" என்றாள். பிறகு, "போன கிழமை ஒருவர் திரும்பி வந்தார். விட்டதைச் சொல்ல வேண்டும் என்று அழுதார். ஒரு தரம்தான் என்று அனுப்பிவிட்டேன். உனக்கு மட்டும் எப்படி மாற்றுவது?" என்றாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது.

நான் அவளுக்குக் கிட்டப் போய், அந்தப் பெயரை அவளுக்கு மட்டும் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"காதுக்குள் சொல்லாதே. ஆட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டியதைக் காதுக்குள் சொன்னால் அது அப்படியே இரகசியமாய்ப் போய்விடும். இந்தக் கசெற்றை நான் கொண்டுபோகிறேன். எங்கள் ஆட்கள் முதல் குரல் யாருடையது, அவள் யாரைப் பற்றிச் சொன்னாள் என்று கேட்பார்கள். ஒரு தங்கச்சியைப் பற்றி, பெயர் இன்னும் வரவில்லை என்று சொல்லுவேன்."

அடுத்த நாள் கதிரைகளைக் கட்டிப் பெட்டியில் வைத்தார்கள். மிஸ்டர் கார்ட்டர் வந்து என் பக்கத்தில் நின்றார். பார்ப்பதற்குப் படமோ போர்வையோ இல்லை. வெறும் சுவரைப் பார்த்து, "நான் வாசலில் நின்றிருக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஆறியிருப்பேன். பல வருஷம் கழித்து, என் கணவரும் போன பிறகு, சரோ அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறா என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தா. காப்பு இரண்டையும் கழற்றிவிட்டிருந்தார்கள். நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாகேஸ், அண்டைக்கு அந்தக் கதிரைக் கடையிலை நீ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய்" என்றா. "தங்கச்சி எண்டது என்ரை காதிலை விழுந்தது."

என் கை நின்றுவிட்டது.

"அதுதான் நான் விடாமக் கதைச்சனான். எனக்கு முன்னாலை மாட்டிக்கொண்டு வெக்கப்படப் போறாய் எண்டு நினைச்சு, வாயிலை வந்ததெல்லாம் கதைச்சன். மோதகத்துக்கு ஒருத்தரும் உப்புப் போடேல்லை."

"உங்களுக்குத் தெரியுமே அக்கா?"

"எங்கள் எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. கோயிலிலை ஆருக்குத் தெரியாது? நீ எடுக்கேல்லை. அதாலை நாங்களும் எடுக்கேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினா. "இடம்பெயரேக்கை என்ரை தம்பி குடும்பம் அவளின்ரை கொட்டிலிலைதான் இருந்தது. இருந்த அரிசியிலை அவைக்கும் சேர்த்துத்தான் காய்ச்சினவளாம். வெளிக்கிடேக்கை தம்பியிட்டைச் சொன்னவளாம்: 'லண்டனிலை என்ரை அக்கா இருக்கிறா. அவ தானாக் கதைக்கமாட்டா. அவவின்ரை பேர் நாகேஸ்வரி. கண்டா நீங்கள்தான் போய்க் கதைக்கோணும்' எண்டு."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ வாயைத் திறக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்" என்றா. "நீ திறந்த நேரம் நான் மூடிப்போட்டன்."

அவ்வளவையும் கதைத்தோம். ஆனால் இரண்டு பேரும் கடைசிவரை "அவள்", "அவள்" என்றே கதைத்து முடித்தோம். பெயரை நானும் சொல்லவில்லை, அவவும் சொல்லவில்லை. மாரி முடிய முதல் சரோ அக்கா போய்விட்டா.

வன்னியில் ஒரு கொட்டில் வாசலில் நின்று என் பெயரை அவள் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் விம்பிள்டன் கோயிலில், சகோதரங்கள் எத்தனை பேர் என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஒளிக்க வேண்டியவர்கள் என்று நான் நினைத்த ஆட்கள் எல்லாம் தெரிந்துகொண்டே, எனக்காக ஒளித்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் அவள் பெயரில்லாமல் போனாள்.

போன வியாழன் சுகந்தியிடம் டெல்லாவைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். கம்பியூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: டெல்லா இப்போது இல்லையாம். கதிரைகள் எல்லாம் அவளுடைய ஊர் மண்டபத்துக்கே திரும்பிப் போய்விட்டனவாம். மாரியில் இப்போதும் கூடுகிறார்களாம். அப்படியென்றால் அந்தக் கசெற்றும் அங்கே இருக்கும். "எனக்கு ஒரு தங்கச்சி" என்று ஒரு குரல். பிறகு கதிரை கிறீச்சிடும் சத்தம். பிறகு மழை, பஸ், மோதகம். அந்தக் கிழவர்கள் என்ன கதை இட்டுக்கட்டினார்களோ.

இந்த மலர் நம் சங்கத்தில் எல்லோர் வீட்டுக்கும் வரும். எங்கள் ஊரவர்கள், அயலூரவர்கள், கோயிலடி ஆட்கள் எல்லோரும் வாசிப்பீர்கள். குசினி மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். சற்று முன்னர் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு மனுசியாக இருக்கும். வழக்கத்தில் முதல் மணிக்கே போய்த் திறக்கிறவள் நான். இரண்டாம் தரமும் அடித்துவிட்டுப் போய்விட்டா.

எழும்பவில்லை. என் தங்கச்சியின் பெயர் தவமணி.